பிக்சல் எண்ணிலிருந்து வான ஆள்கூறு: கல்லடிப் படத்தில் ஒரு மங்கல் புள்ளி

வாவிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். மே மாதக் கடைசியில் கல்லடிக் கடற்கரையிலிருந்து ஒமேகா சென்டாரி என்ற கோள விண்மீன் கொத்தைப் படம் எடுத்தேன். கெனன் கமரா, 200 மில்லிமீற்றர் வில்லை, சின்னதொரு பின்தொடரும் தாங்கி. நீளப் பக்கம் வடக்கு தெற்காக வரும்படி கமராவைத் திருப்பி வைத்திருந்தேன். தெற்கே காத்தான்குடி வெளிச்சம் கொஞ்சம் ஏறியிருந்தாலும் கோளக் கொத்து அழகாக விழுந்திருக்கிறது.

படத்தின் மற்றப் பக்கத்தில் மங்கலான ஒரு புள்ளி. விண்மீன் போலக் கூராக இல்லை. அது என்னவென்று தெரிய அதன் வான ஆள்கூறு வேண்டும். ஃபிட்ஸ் கோப்பை (வானியல் படங்களுக்கான கோப்பு வகை) அஸ்ட்ரோமெற்றி டொட் நெற் மென்பொருளில் கொடுத்துத் தீர்வு எடுத்தேன், அதாவது விண்மீன்களைப் பட்டியலோடு பொருத்திப் படம் வானத்தில் எங்கே என்று கண்டறிந்தேன். ஹெடரில், அதாவது கோப்பின் தலைப்பகுதியில், வந்த எண்களைச் சுருக்கித் தருகிறேன்: சிஆர்பிக்ஸ் 2592.5, 1728.5. சிஆர்வால் 201.5, −45.2. சிடி தாயத்தில் (மற்றிக்ஸ்) குறுக்கு உறுப்புகள் இரண்டும் 0.00123056, மற்ற இரண்டும் கிட்டத்தட்டப் பூச்சியம். படத்தின் அளவு 5184க்கு 3456.

படம் பார்க்கும் செயலியில் கேர்சரை வைத்தால் புள்ளி 4364.7, 1807.8 என்று காட்டுகிறது. அதை ஆஸ்ட்ரோபையில் (பைதன் கணினி மொழியின் வானியல் நிரல் தொகுப்பு) போட்டால் வல ஏற்றம் (வானத்தின் நெட்டாங்கு போன்றது) 13 மணி 26 நிமிடம் 32 செக்கன், நடுவரை விலக்கம் (வானத்தின் அகலாங்கு போன்றது) −43 பாகை 1 கலை (பாகையில் 60இல் ஒரு பங்கு). அந்த இடத்தில் அட்லஸில் ஒன்றும் இல்லை. 12 கலை தள்ளி ஒரு பேரடை இருக்கிறது, ஆனால் 12 கலை என்றால் இந்தப் படத்தில் 160 பிக்சல். புதிய வால்வெள்ளியாக இருக்குமா என்று மனம் அடிக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

நிந்தவூர்க் கமரா:
தங்கச்சி, படத்தை அப்படியே அந்த இணையத்தளத்தில் ஏற்றினால் பொருள்களின் பெயரை மேலேயே எழுதித் தருமே. நான் அப்படித்தான் செய்கிறேன். இந்தத் தாயம், ஆள்கூறு எல்லாம் எதற்கு?

வாவிக்கரை:
பெயர் எழுதித் தருவது பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் பொருள்களுக்குத்தான், காக்கா. பட்டியலில் இல்லாத ஒன்றுக்கு ஆள்கூறுதான் முகவரி. அதோடு கடற்கரையில் சிக்னல் கிடைப்பதில்லை. சுட்டுக் கோப்புகளை மடிக்கணினியில் இறக்கி வைத்திருக்கிறேன், எல்லாம் இணையம் இல்லாமல் நடக்கிறது.

பௌதிகக் கூடம்:
நல்ல கேள்வி, மகள். எண்களையும் சேர்த்துத் தந்ததால் பதில் சொல்வது சுலபம்.

முதலில் ஹெடரில் உள்ளவை என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். சிஆர்பிக்ஸ் என்பது படத்தில் நாம் பிடித்துக்கொள்ளும் ஒரு பிக்சல். சிஆர்வால் அந்தப் பிக்சல் பார்க்கும் வானப் புள்ளி, பாகையில். சிடி தாயம் பிக்சல் விலகலைப் பாகை விலகலாக மாற்றுகிறது. அளவு, சுழற்சி, கண்ணாடித் திருப்பம் மூன்றும் அந்த நான்கு எண்களுக்குள்ளேயே இருக்கின்றன. சிடைப் என்ற சொல், வளைந்த வானத்தைத் தட்டையாக்க எந்த எறியம் பயன்பட்டது என்று சொல்கிறது. உங்கள் கோப்பில் அது டான், அதாவது தொடுதள எறியமாக இருக்கும். ஃபிட்ஸ் கோப்பு முறை 1981இல் வெளியானது. ஆள்கூறுகளை இப்படி எழுத வேண்டும் என்ற ஒழுங்கை கிரைசனும் கலப்ரெட்டாவும் 2002இல் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். ஆஸ்ட்ரோபையின் அடியில் ஓடும் டபிள்யூசிஎஸ்லிப் என்ற ஆள்கூறு நிரல் தொகுப்பு கலப்ரெட்டா எழுதியதுதான்.

ஆகவே பாதை இது: பிக்சலிலிருந்து சிஆர்பிக்ஸைக் கழி, தாயத்தால் பெருக்கு, வருவது தொடுதளத்தில் ஒரு விலகல், அதைக் கோளத்தில் ஏற்று. நான்கு படியும் சரியாக நடந்தாலும், முதல் படிக்குக் கொடுக்கும் பிக்சல் எண் ஹெடர் நினைக்கும் பிக்சல் எண்ணாக இல்லாவிட்டால் விடை வேறெங்கோ போய் நிற்கும். உங்கள் விடயத்தில் சந்தேகம் அங்கேதான்.

ஃபிட்ஸில் முதல் நிரை வழக்கமாகப் படத்தின் அடியில் இருக்கும், y மேல்நோக்கி ஏறும். எண்ணுவது 1இலிருந்து, முதல் பிக்சலின் நடுப்புள்ளி 1, 1. ஜேபெக் படத்திலும் சாதாரணப் படச் செயலிகளிலும் முதல் நிரை உச்சியில், எண்ணுவது 0இலிருந்து. நீங்கள் தீர்வு எடுத்தது ஃபிட்ஸ் கோப்பில், கேர்சர் வைத்தது படச் செயலியில். அப்படித்தானே?

உங்கள் தாயத்தின் துணிகோவையைப் பாருங்கள். பூச்சியத்தைப் பூச்சியத்தால் பெருக்கி, குறுக்கு உறுப்புகளின் பெருக்கத்தைக் கழித்தால் மறைப் பெறுமானம். மறையாக இருந்தால் படம் வானத்தைப் போலவே இருக்கிறது, வடக்கை மேலே வைத்தால் கிழக்கு இடப்பக்கம். நேர்ப் பெறுமானமாக இருந்தால் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பியிருக்கிறது. உங்கள் தீர்வு திரும்பாத படத்துக்கானது. ஆனால் மேலிருந்து எண்ணிய y, திரும்பிய படத்துக்கானது. இரண்டையும் கலந்தால் புள்ளி மையக்கோட்டின் மறுபக்கம் போய்விடும்.

அம்பாறை அளவை:
நான் நில அளவையில் இருப்பவன், வானியல் பொழுதுபோக்கு. சேர் சொன்னதில் ஒன்றை விரித்துச் சொல்ல ஆசை.

எங்கள் தேசிய வலை, அதாவது நில அளவை வரைபடங்களின் ஆள்கூறு வலை, பிதுருதலாகலை மலையை ஆதாரமாக வைத்தது. 1999 வலையில் அந்த இடத்துக்கு கிழக்கு 500000, வடக்கு 500000 மீற்றர் என்று எண் கொடுத்திருக்கிறார்கள். மட்டக்களப்பில் ஒரு வேலிக்கல்லின் அகலாங்கு நெட்டாங்கு வேண்டுமென்றால், கல்லின் வலை எண்ணிலிருந்து அந்த 500000ஐக் கழித்து, எறியத்தைத் திருப்பிப் போட்டு எடுப்போம். சிஆர்பிக்ஸ் அந்த 500000, சிஆர்வால் பிதுருதலாகலையின் அகலாங்கு நெட்டாங்கு. எறியம் மட்டும் வேறு. இந்த உறவு பிடிபட்டால் ஹெடர் முழுவதும் தானாக வாசிக்க வரும்.

ஏன் தொடுதள எறியம் என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. நல்ல வில்லை, வானக் கோளத்திலிருந்து அதன் நடுவை நோக்கி வரும் கதிர்களை ஒரு தட்டையான சென்சரில் விழ வைக்கிறது. அதுவே கோளத்தைத் தொடும் தளத்தில் மையத்திலிருந்து எறிவதன் வரைவிலக்கணம். வானத்தின் பெருவட்டங்கள் படத்தில் நேர்கோடுகளாக வருவது இதனால்தான். கமராவின் கேத்திர கணிதமே அந்த எறியத்தைக் கொண்டுவருகிறது.

சிலர் இந்தப் படியை விட்டுவிட்டு, பிக்சலை அளவால் பெருக்கிக் கூட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். குறைந்தபட்சம் கிழக்கு விலகலை நடுவரை விலக்கத்தின் கோசைனால் வகுப்பார்கள். அதுகூடப் போதாது. இந்தப் படத்தின் மூலையை எடுத்துக்கொள்ளுங்கள்: கிழக்கே 2.126 பாகை, வடக்கே 3.190 பாகை. மையத்தின் கோசைனால் வகுத்தால் வல ஏற்ற வேறுபாடு 3.017 பாகை. ஒழுங்காக எறியத்தைத் திருப்பினால் 2.855 பாகை. வானத்தில் அளந்தால் ஏறத்தாழ 434 விகலை (கலையில் 60இல் ஒரு பங்கு), கிட்டத்தட்ட நூறு பிக்சல். மையத்தில் எல்லாம் சரியாக வந்து மூலையில் நூறு பிக்சல் தவறும் கணினி நிரலை, மையத்தில் மட்டும் சோதித்தவர் நல்ல நிரல் என்றே நம்புவார்.

பௌதிகக் கூடம்:
நன்றி, அளவை ஐயா. இனி கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். மென்பொருள் பாவிப்பவர் ஒவ்வொருவரும் வாழ்க்கையில் ஒருதரமாவது இதைத் தாளில் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கல்குலேட்டர் போதும்.

மேலிருந்து 0இல் தொடங்கி எண்ணிய நிரை எண்ணை ஃபிட்ஸ் எண்ணாக்க, உயரத்திலிருந்து கழிக்க வேண்டும்: 3456 − 1807.8 = 1648.2. x பக்கம் 1ஐக் கூட்டினால் போதும்: 4365.7.

சிஆர்பிக்ஸைக் கழித்தால் x விலகல் 1773.2, y விலகல் −80.3.

தாயத்தால் பெருக்குகிறோம். உங்கள் கமரா சரிந்திருந்ததால் x வடக்காகவும் y கிழக்காகவும் ஓடுகின்றன. கிழக்கு விலகல் −80.3 × 0.00123056, அதாவது −0.0988 பாகை. வடக்கு விலகல் 1773.2 × 0.00123056, அதாவது 2.1820 பாகை. ஆரையனில் (ரேடியன்) −0.001724, 0.038083.

இப்போது கோளத்தில் ஏற்றுவது. மையத்தின் நடுவரை விலக்கம் −45.2. அதன் சைன் −0.709571, கோசைன் 0.704634. கோசைனிலிருந்து வடக்கு விலகலையும் சைனையும் பெருக்கியதைக் கழிக்க வேண்டும். சைன் மறையாக இருப்பதால் கூட்டலாகிறது: 0.704634 + 0.027023 = 0.731657. இதுதான் கீழெண்.

கிழக்கு விலகலைக் கீழெண்ணால் வகுத்தால் வல ஏற்ற வேறுபாட்டின் தாஞ்சன் (tan): −0.002357. கோணம் −0.135 பாகை. 201.5இலிருந்து போனால் 201.365 பாகை. 15ஆல் வகுத்தால் 13 மணி 25 நிமிடம் 28 செக்கன்.

நடுவரை விலக்கத்துக்கு, சைனோடு வடக்கு விலகலையும் கோசைனையும் பெருக்கியதைக் கூட்டுங்கள்: −0.709571 + 0.026835 = −0.682736. கீழெண்ணால் வகுத்து, வல ஏற்ற வேறுபாட்டின் கோசைனால் பெருக்கினால் −0.93313. அதன் கோணம் −43.019 பாகை, அதாவது −43 பாகை 1 கலை.

அட்லஸைத் திறந்து அந்த 12 கலை தள்ளியிருந்த பேரடையின் ஆள்கூறைப் பாருங்கள். என்ஜிசி 5128, சென்டாரஸ் ஏ. 13 மணி 25 நிமிடம் 28 செக்கன், −43 பாகை 1 கலை. ஜேம்ஸ் டன்லப் 1826இல் அவுஸ்திரேலியாவிலிருந்து கண்ட பேரடை அது. சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருப்பதைக் கல்லடியிலிருந்து ஒரு சாதாரண வில்லையில் பிடித்திருக்கிறீர்கள், மகள். வால்வெள்ளி இல்லையே என்று வருந்தாதீர்கள்.

பாணமை இரவு:
வாழ்த்துகள்! இங்கே பாணமையில் தெற்குப் பக்கம் குமண காடுதான், ஊர் வெளிச்சம் கிடையாது. சென்டாரஸ் ஏயின் நடுவில் ஓடும் தூசிப் பட்டையைத் தொலைகாட்டியில் பார்க்கலாம். அடுத்த உலர் காலத்தில் வாருங்கள்.

வாவிக்கரை:
சேர், தாளில் போட்டுப் பார்த்தேன், அதே எண் வந்தது. வருத்தமே இல்லை. அந்த மங்கலுக்கு ஒரு பெயரும் தூரமும் கிடைத்ததே பெரிய சந்தோஷம்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஆஸ்ட்ரோபையில் 'டபிள்யூசிஎஸ் பிக்ஸ் டு வேர்ல்ட்', 'ஆல் பிக்ஸ் டு வேர்ல்ட்' என்று இரண்டு இருக்கின்றன. மையத்தருகே இரண்டும் ஒரே விடை. மூலைக்குப் போகப் போக விலகி, கடைசியில் ஐந்தாறு பிக்சல் வேறுபடுகின்றன. எதை நம்புவது? இரண்டாவது, ஸ்டெல்லாரியம் என்ற வான வரைபடச் செயலியில் சென்டாரஸ் ஏயைச் சொடுக்கினால் இரண்டு சோடி ஆள்கூறு காட்டுகிறது. ஒன்று என் விடையோடு ஒத்துப்போகிறது, மற்றது போகவில்லை.

அக்கரைப்பற்று நிரல்:
முதல் சந்தேகம் என் பக்கம். சிடைப்பைத் திரும்ப வாசியுங்கள். டானுக்குப் பின்னால் சிப் என்று ஒட்டியிருக்கும். வில்லையின் திரிபை இருபடி, முப்படி உறுப்புகளால் எழுதும் முறை அது, ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கிக்காக உருவாக்கி 2005இல் வெளியிட்டது. அந்தக் கோவைகள் சிஆர்பிக்ஸிலிருந்து எடுத்த விலகலில் எழுதப்படுகின்றன, இருபடியிலிருந்து தொடங்குகின்றன. ஆகவே மையத்தருகே அவை இல்லாததுபோல இருக்கும், ஓரத்துக்குப் போகும்போது வேகமாக வளரும். நீங்கள் பார்த்தது அதுவேதான்.

'டபிள்யூசிஎஸ்' என்று தொடங்கும் சார்பு திரிபைக் கணக்கில் எடுக்காது. தாயத்துக்கும் எறியத்துக்கும் மட்டும் போகும். 'ஆல்' என்று தொடங்குவது திரிபையும் சேர்க்கும். படத்தில் அளந்த புள்ளிக்கு எப்போதும் 'ஆல்'. அந்தப் பெயர்களைப் பார்த்தால் முதலாவதுதான் முழுமையானது போலத் தோன்றும், அதனால் பலர் அதையே பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டுக்கும் கடைசியில் ஒரு எண் கேட்கும், 0 அல்லது 1. பைதன் அணியிலிருந்து எடுத்த பிக்சல் என்றால் 0. டிஎஸ்9 என்ற ஃபிட்ஸ் பார்க்கும் செயலியின் திரையில் வாசித்த பிக்சல் என்றால் 1, அது ஃபிட்ஸ் முறையில் காட்டும். புதிய 'பிக்சல் டு வேர்ல்ட்' அந்த எண்ணைக் கேட்காது, எப்போதும் 0 என்று எடுத்துக்கொள்ளும். டிஎஸ்9 எண்ணை நேரே அதில் போட்டால் எங்கு பார்த்தாலும் ஒரே அளவு, ஒரே திசையில் ஒரு பிக்சல் விலகும். உங்கள் படத்தில் அது 4.43 விகலை, இரு அச்சிலும் சேர்ந்தால் 6 விகலைக்கு மேல். பேரடையை அடையாளம் காண இது பெரிதில்லை. ஒரு சிறுகோளின் இடத்தைக் சிறுகோள்களைப் பதியும் மைனர் பிளனெட் சென்டருக்கு அனுப்பப் போனால் பெரிது.

இன்னொன்று: பைதன் அணியில் நிரை முதலில், நிரல் பிறகு. அதாவது y முதலில். ஆள்கூறுச் சார்புக்கு x முதலில். உங்கள் படம் நீள்சதுரம் என்பதால் மாற்றிப் போட்டால் சில நேரம் படத்துக்கு வெளியே போய் உடனே தெரிந்துவிடும். சதுரச் சென்சர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியாமலே போகும்.

பாணமை இரவு:
ஸ்டெல்லாரியம் காட்டுவதில் ஒன்று ஜே2000, அதாவது 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்கான வலையில், மற்றது அன்றைய திகதிக்கானது. பூமியின் அச்சு மெதுவாகத் தலையாட்டுவதால் ஆள்கூறு வலையே ஆண்டுக்கு 50 விகலைபோல நகர்கிறது. சென்டாரஸ் ஏ இருக்கும் இடத்தில் 25 ஆண்டில் சேர்ந்தது கிட்டத்தட்ட 18 கலை. அஸ்ட்ரோமெற்றி தருவது ஜே2000. பட்டியல்களும் அதிலேயே. ஒப்பிடுவதெல்லாம் ஜே2000இல். தொலைகாட்டியைக் கையால் திருப்பும்போதுதான் மற்றது தேவைப்படும்.

எனக்கும் ஒரு கேள்வி. நமக்குத் துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து 7 பாகைதான், கடல் மூட்டத்தில் கண்ணுக்கே படாது. தாங்கியை ஒழுங்காக நேர்ப்படுத்த முடிவதில்லை. அது இந்த ஆள்கூறைக் கெடுக்குமா? அதோடு தெற்கு விண்மீன்கள் பதிவாக இருக்கின்றன, வளிமண்டல ஒளிமுறிவு அவற்றைத் தூக்கிக் காட்டுமே?

அம்பாறை அளவை:
தாங்கி சரிந்திருந்தால் விண்மீன் கோடாக இழுபடலாம், படத்துக்குப் படம் புலம் சுழலலாம். ஒவ்வொரு படத்துக்கும் தனித் தீர்வு எடுத்தால் அந்தச் சுழற்சி தாயத்திலேயே வந்துவிடும், கவலை வேண்டாம். முதல் படத்தின் தீர்வைக் கடைசிப் படத்துக்குப் போடக் கூடாது, அவ்வளவுதான்.

ஒளிமுறிவு எனக்குப் பிடித்த விடயம். மட்டக்களப்பின் அகலாங்கு 7.7. இந்தப் படத்தின் கீழ் ஓரம் உச்சம் கடக்கும்போது 34 பாகை உயரத்தில் இருக்கும், மேல் ஓரம் 40 பாகையில். 34இல் ஒளிமுறிவு சுமார் 86 விகலை, 40இல் சுமார் 68. முழுப் படமும் தூக்கப்படுவதைச் சிஆர்வால் உறிஞ்சிக்கொள்ளும், ஏனென்றால் தீர்வு உண்மையான விண்மீன்களை வைத்துத்தான் எடுக்கப்படுகிறது. மிச்சம் 18 விகலை வேறுபாடு, அதாவது 4 பிக்சல் அளவுக்குப் படம் நெடுக்கில் நசுங்கியிருக்கிறது. அது பெரும்பாலும் நேர்கோட்டு மாற்றம் என்பதால் தாயம் அதையும் தாங்கும். தாயத்தின் நான்கு எண்களையும் தனித்தனியே பொருத்த விடுவதன் பயன் இங்கே தெரியும். ஒரே அளவு, ஒரே சுழற்சி என்று கட்டிவைத்த மென்பொருளில் இந்த நசுங்கல் எச்சமாக நிற்கும். 10 பாகைக்குக் கீழே போனால் கதை வேறு, அங்கே வளைவும் சேரும்.

நிந்தவூர்க் கமரா:
இவ்வளவையும் வாசித்தபின் நானும் கணக்கில் இறங்கிவிட்டேன். என்னிடம் 135 மில்லிமீற்றர் வில்லையில் எடுத்த படம் ஒன்று, தென் சிலுவை விண்மீன் கூட்டத்துக்கு வழிகாட்டும் இரண்டு பிரகாச விண்மீன்களும் அதில் இருக்கின்றன. பட்டியலின் ஜே2000 ஆள்கூறைப் பிக்சலாக மாற்றிப் படத்தின் மேல் வட்டம் போட்டேன். பீற்றா சென்டாரி வட்டத்துக்குள், சின்ன விண்மீன்களும் வட்டத்துக்குள். அல்ஃபா சென்டாரி மட்டும் 14 பிக்சல் தள்ளி நிற்கிறது. அது எரிந்து வெளிறிப்போன விண்மீன் என்பது தெரியும், ஆனால் 14 பிக்சலா? மென்பொருளில் கோளாறா?

பௌதிகக் கூடம்:
கோளாறு இல்லை, தம்பி. அல்ஃபா சென்டாரி உண்மையிலேயே நகர்ந்திருக்கிறது. நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் தொகுதி, வானத்தில் ஆண்டுக்கு 3.7 விகலை நகர்கிறது. 2000ஆம் ஆண்டு இடத்தைப் பட்டியல் தருகிறது, உங்கள் கமரா இப்போதைய இடத்தைத் தருகிறது. 25 ஆண்டில் 92 விகலை. உங்கள் வில்லைக்கு ஒரு பிக்சல் 6.57 விகலை, ஆகவே 14 பிக்சல். திசையையும் பாருங்கள், மேற்காக விலகியிருக்கும்.

ஜே2000 என்பதில் இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது. ஆள்கூறு வலை எந்தக் காலத்துக்கானது என்பது ஒன்று. அந்த வலையில் விண்மீன் எந்தக் காலத்தில் எங்கே நின்றது என்பது மற்றது. பாணமைக்காரர் சொன்ன 18 கலை முதலாவது, அது எல்லா விண்மீன்களையும் சேர்த்துத் தூக்கும். உங்கள் 14 பிக்சல் இரண்டாவது, அது ஒவ்வொரு விண்மீனுக்கும் வேறு. ஆஸ்ட்ரோபையில் விண்மீனின் சொந்த அசைவையும் கொடுத்து, படம் எடுத்த திகதிக்கு நகர்த்தலாம். செய்து பாருங்கள், வட்டம் போய் உட்காரும். ஒரு விண்மீன் நகர்வதைத் தன் கமராவிலேயே அளப்பது எவ்வளவு பெரிய காரியம்! உங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஹெடரில் எழுதப்படும் நேரம் உலகப் பொது நேரமாக இருக்க வேண்டும். கமரா நம் நேரத்தைப் பதிந்தால் ஐந்தரை மணித்தியாலம் கழிக்க வேண்டும். விண்மீனுக்கு அது பொருட்டில்லை, சிறுகோளுக்கும் வால்வெள்ளிக்கும் உயிர்நாடி.

நிந்தவூர்க் கமரா:
சேர், நகர்த்திப் போட்டேன். வட்டத்துக்குள் வந்துவிட்டது! மேற்காகத்தான் விலகியிருந்தது. இதைவிடப் பெரிய சந்தோஷம் இந்தக் கமரா எனக்குத் தந்ததில்லை.

பாணமை இரவு:
எல்லோருக்கும் என் வேண்டுகோள்: தெரியாத புள்ளியின் ஆள்கூறை நம்புமுன், தெரிந்த விண்மீன் சிலவற்றை அதே வழியில் அனுப்பிப் பாருங்கள். ஒன்று மையத்தில், மற்றவை எதிரெதிர் மூலைகளில். விலகல் எப்படி விழுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். எங்கும் ஒரே ஒரு பிக்சல் என்றால் எண்ணும் முறை. மையக்கோட்டின் மறுபக்கம் என்றால் மேல் கீழ் மாறியிருக்கிறது. ஓரத்தில் மட்டும் என்றால் திரிபு. ஒரே விண்மீன் என்றால் அதன் அசைவு. வாவிக்கரைத் தங்கச்சி, உங்கள் படத்திலும் இதைச் செய்து போடுங்கள்.

வாவிக்கரை:
செய்துவிட்டேன், அண்ணா. மையத்தருகே ஒன்றும் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றுமாக எடுத்தேன். 'ஆல்' சார்பு, பைதன் எண், 0. எல்லாம் ஒரு பிக்சலுக்குள் உட்கார்ந்தன. வடகிழக்கு மூலையில் மட்டும் கொஞ்சம் கூட, அங்கே விண்மீன்களே சிறகு விரித்ததுபோல இழுபட்டிருப்பதால் நடுப்புள்ளி பிடிப்பது கடினம்.

கடைசியாக ஒன்று. படம் பெரிது, மடிக்கணினி திணறுகிறது. இரண்டுக்கு இரண்டு பிக்சலைச் சேர்த்து அரைவாசியாக்கினால் தீர்வைத் திரும்ப எடுக்க வேண்டுமா? சென்டாரஸ் ஏயை மட்டும் வெட்டி எடுத்தால்?

அக்கரைப்பற்று நிரல்:
திரும்ப எடுக்கத் தேவையில்லை, ஹெடரைத் திருத்தினால் போதும்.

வெட்டும்போது இடப்பக்கம் எத்தனை நிரல், அடியில் எத்தனை நிரை போனதோ அதைச் சிஆர்பிக்ஸிலிருந்து கழியுங்கள். தாயமும் சிஆர்வாலும் அப்படியே. சிஆர்பிக்ஸ் படத்துக்கு வெளியே போய் மறையாக வந்தாலும் பரவாயில்லை, அது சட்டப்படி சரி.

அரைவாசியாக்கும்போது தாயத்தின் நான்கு எண்களையும் 2ஆல் பெருக்குங்கள். சிஆர்பிக்ஸை வெறுமனே 2ஆல் வகுக்காதீர்கள். முதல் பிக்சலின் நடு 1 என்பதால் அதன் இடது ஓரம் 0.5. ஓரத்திலிருந்துதான் அளக்க வேண்டும்: 0.5ஐக் கழித்து, 2ஆல் வகுத்து, 0.5ஐக் கூட்டுங்கள். உங்கள் 2592.5 அப்போது 1296.5 ஆகும், 2592 நிரல் அகலப் படத்துக்கு அதுதான் நடு. வெறுமனே வகுத்தால் 1296.25 வரும், புதிய பிக்சலில் கால் பங்கு, 2 விகலைக்கு மேல் தவறு. சிப் கோவைகளையும் மறக்க வேண்டாம்: இருபடி உறுப்புகளை 2ஆலும், முப்படி உறுப்புகளை 4ஆலும் பெருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் சுருக்கிய படத்தையே மென்பொருளுக்குக் கொடுத்துப் புதுத் தீர்வு எடுங்கள், இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

கமராவின் மூலக் கோப்பைத் திறக்கும்போதும் கவனம். சில செயலிகள் சென்சரின் ஓரத்தில் சில நிரைகளையும் நிரல்களையும் கூடுதலாகத் தரும், கமராவின் ஜேபெக்கில் அவை இருக்காது. தீர்வு எடுத்த கோப்பின் அகல உயரமும், பிக்சல் அளந்த கோப்பின் அகல உயரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.